மெத்தை சுமந்த விரிவுரையாளர்

சென்ற வருடம் எங்கள் வீட்டின் பின்னறையைப் படம் பார்க்கும் அறையாக மாற்றினேன். பன்னிரண்டு அடி நீளம், பத்து அடி அகலம், ஒன்பது அடி உயரம். சீமெந்துச் சுவர், மாபிள் நிலம். நல்ல ஸ்பீக்கர்கள் பூட்டியும் படத்தில் கதைப்பது விளங்கவில்லை. கிணற்றுக்குள் இருந்து யாரோ கூப்பிடுவது போலிருந்தது. முட்டை அடுக்கும் மட்டைகளைச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஏன் என்று தேடப்போய்த்தான் வலஸ் கிளெமென்ட் சபைனின் வாழ்க்கையை வாசித்தேன்.

1868இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் பட்டதாரி. பின்பு ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பித்தார். கலாநிதிப் பட்டம் பெற்றதில்லை.

1895இல் அங்கே ஃபொக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் விரிவுரை மண்டபத்தில் பேசினால் எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சத்தம் முழுதாக அடங்க ஐந்தரை செக்கன் எடுத்தது. முதல் வசனம் ஓய்வதற்குள் அடுத்தது வந்து மோதியது. அதைத் திருத்தும் வேலையைப் பல்கலைக்கழகத் தலைவர் சபைனிடம் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. மண்டபத்தின் ஒலி என்பது அதிர்ஷ்டம் என்று கட்டடக் கலைஞர்களே நம்பியிருந்த காலம்.

அவரிடம் இருந்தது ஓர் ஓர்கன் குழாய், நேரம் பதியும் கருவி, தன் காது. தெருச் சத்தம் ஓய்ந்த நள்ளிரவில்தான் அளக்க முடியும். பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் மறையும் நேரத்தைக் குறித்தார். விடியுமுன் மெத்தைகள் திரும்பவும் அரங்குக்குப் போயிருக்க வேண்டும். ஒருமுறை, தான் அணிந்திருந்த உடுப்பும் சத்தத்தை உறிஞ்சுவதைக் கண்டுபிடித்தார். அதுவரை சேர்த்த ஆயிரக்கணக்கான அளவீடுகளைக் கழித்துவிட்டு, அதன்பின் ஒரே உடுப்பில் நின்று மறுபடியும் தொடங்கினார். எனக்கென்றால் அன்றோடு வேலையை விட்டிருப்பேன்.

1898இல் கணக்கு பிடிபட்டது. அறையின் கனவளவு கூடினால் எதிரொலி நீளும். உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும். உறிஞ்சலுக்கு அவர் எடுத்த அளவுகோல் திறந்த யன்னல். வெளியே போன சத்தம் திரும்பாது அல்லவா?

என் அறைக்கு அந்தக் கணக்கைப் போட்டேன். எதிரொலி அரைச் செக்கனுக்குள் வர, சுமார் 10 சதுர மீற்றர் திறந்த யன்னலுக்கு நிகரான உறிஞ்சல் வேண்டும். மெல்லிய முட்டை மட்டையால் அது நடக்காது. தடித்த திரைச்சீலை, கம்பளம், சுவரோடு இலவம்பஞ்சு மெத்தை என்று வைத்த பிறகுதான் குரல் தெளிந்தது. சிறிய அறையில் அவருடைய சூத்திரம் எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் சொல்லவேண்டும். பன்னிரண்டு அடி நீளத்தில் 47 ஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி சுவருக்குச் சுவர் நின்று முழங்கும். அதற்கு மூலைகளில் மிகத் தடித்த அடைப்பு வேண்டும். என் அறையில் அந்த முழக்கம் இன்னும் இருக்கிறது.

சபைனுக்கு அடுத்து வந்தது பொஸ்டன் சிம்பனி மண்டபம். கட்டுமுன்பே ஒலியைக் கணக்கிட்டு அமைத்த முதல் இசை மண்டபம் அது. 1900 ஒக்டோபரில் திறந்தபோது சில விமர்சகர்கள் குறை சொன்னார்கள். இன்று உலகின் மிகச் சிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அந்தப் புகழ் முழுதாக வந்தபோது அவர் இல்லை.

முதலாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் விமானப்படை சார்ந்த வேலையும் செய்தார். திரும்பியபின் வொஷிங்டனில் போர் வேலை, ஹாவர்டில் வகுப்பு என்று இரண்டுக்கும் இடையே ஓடினார். சிறுநீரக நோய் முற்றிய நிலையிலும் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டார். 1919 ஜனவரி 10ஆம் திகதி இறந்தபோது வயது ஐம்பதுதான். இலினோய் மாநிலத்தில் ஒரு செல்வந்தர் அவருக்காகவே கட்டிய ஒலி ஆய்வுகூடம் அப்போது தயாராக இருந்தது. அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவருடைய உறவினரான போல் சபைன்.