மேரி புட்னம் ஜேக்கோபி அம்மையார்

மாணவியராகிய நாம் மாதத்தின் எல்லா நாட்களிலும் தடையின்றிப் படிக்கிறோம். இவ்வுரிமைக்காக ஆய்வின் துணைகொண்டு வாதாடியவர் மருத்துவர் மேரி புட்னம் ஜேக்கோபி.

இவர் 1842இல் லண்டனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தார். பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் அனுமதி பெற்ற முதல் பெண்மணி இவரே. 1871இல் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

1873இல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க், மாதவிலக்கு நாட்களில் பெண்கள் மூளைக்கு வேலை கொடுத்தால் உடல்நலம் கெடும் என்று நூல் எழுதினார். பெண்கல்விக்கே இடையூறு வருமோ என்ற அச்சம் எழுந்தது.

அம்மையார் சினந்து பேசவில்லை, கணக்கெடுத்தார். 1,000 வினாத்தாள்களை அனுப்பி, 268 பெண்களின் விடைகளைப் பெற்றார். நாடித்துடிப்பையும் தசை வலிமையையும் அளந்தார். நல்ல உணவும் உடல்நலமும் உடையவர்கள் அந்நாட்களில் வேலையை நிறுத்தத் தேவையில்லை எனக் காட்டினார். பெயர் மறைத்து அனுப்பிய அக்கட்டுரை 1876இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசை வென்றது. அங்குள்ள மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டதோ 1945இல்தான்!

பிற்காலத்தில் மூளைக்கட்டியால் துன்புற்றபோதும், தம் நோய்க்குறிகளைத் தாமே மருத்துவக் குறிப்பாக எழுதிவைத்தார். 1906இல் மறைந்தார்.

மாதச் சுழற்சியை நடத்தும் ஈஸ்ட்ரோஜன் சுரப்புகளுள் ஒன்று 1929இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. நினைவைப் பேணும் மூளைப்பகுதியில் நரம்பணுக்களின் இணைப்புகள் பெருக ஈஸ்ட்ரோஜன் துணைபுரிவதைப் பின்னர் எலிகளில் கண்டறிந்தனர்.

வலி மிகுந்தால் மருத்துவரை நாடுவோம்; நம் அறிவு அந்நாட்களில் குன்றிவிடும் என்று மட்டும் நம்பாதிருப்போம்.