கொடையால் எழுந்த கலைக்கோயில்

சிதம்பரம் ஈழத்துத் தமிழருக்குப் புதிய ஊரன்று. தில்லைக் கூத்தனைத் தொழுவதற்காகக் கடல் கடந்து சென்றவர் பலர். நல்லூர் தந்த ஆறுமுக நாவலர் 1864 ஆம் ஆண்டில் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, வழிபாட்டுத் தலத்தைக் கல்வித் தலமாகவும் ஆக்க முயன்றார். பல ஆண்டுகளின் பின்னர் அதே ஊரில் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. அதனை எழுப்பியவர் இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார்.

அவர் 1881 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆம் நாள், செட்டிநாட்டிலுள்ள கானாடுகாத்தானில், முத்தையாச் செட்டியாரின் மைந்தராகப் பிறந்தார். நகரத்தார் மரபு அவருடையது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் நடத்திப் பொருள் ஈட்டிய மரபு அது. கொழும்புச் செட்டியார் தெருவை அறிந்த நமக்கு அம்மரபை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைக் கோயில் திருப்பணிக்கும் அன்ன சத்திரங்களுக்கும் ஒதுக்குவது நகரத்தாரின் நெடுநாள் வழக்கம். அண்ணாமலையாரின் தமையனார் இராமசாமிச் செட்டியார் அவ்வழக்கத்தைக் கல்வியின் பக்கம் திருப்பினார். சிதம்பரத்தில் அவர் நிறுவிய உயர்தரப் பாடசாலை அவர் பெயரையே தாங்கிற்று.

தமையனார் பள்ளி அமைத்த ஊரில் தம்பியார் கல்லூரி அமைத்தார். 1920 ஆம் ஆண்டில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரி தோன்றியது. பின்னர் தமிழுக்கெனவும் வடமொழிக்கெனவும் தனிக்கல்லூரிகள் எழுந்தன. ஏடுகளைத் தேடிப் பழந்தமிழுக்குப் புத்துயிர் அளித்த உ. வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை தமிழ்க் கல்லூரியின் தலைவராய் அமர்ந்திருந்தார்.

அக்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்த பல்கலைக்கழகம், 1857 இல் அமைந்த சென்னைப் பல்கலைக்கழகம் ஒன்றே. மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தே உறைந்து கற்கும் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டுமென்று விரும்பிய செட்டியார், தம் கல்லூரிகளுடன் இருபது இலட்சம் ரூபாவையும் வழங்கினார். 1928 இல் சட்டம் நிறைவேறியது. 1929 ஜனவரி முதலாம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருப்பெற்றது. சிதம்பரம் புகைவண்டி நிலையத்துக்குக் கிழக்கே அண்ணாமலைநகர் என்னும் புத்தூர் எழுந்தது. நிறுவியவர் இணைவேந்தராயினார். அப்பதவி அவர் வழியினருக்கும் உரியதாயிற்று.

இப்பல்கலைக்கழகத்தால் ஈழம் பெற்ற பயன் பெரிது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931 முதல் 1933 வரை அங்கே தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். பின்னர், 1943 இல், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவரும் அவரே. தனிநாயக அடிகள் அண்ணாமலைநகரிலே தமிழ் பயின்று பட்டம் பெற்றார்; 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கு முன்னின்றார். ஒரு செல்வர் தில்லையில் நட்ட மரத்தின் நிழல் கடல் கடந்தும் நீண்டதென்பதற்கு இவ்விருவரும் சான்று.

செட்டியாரின் முதுமைக்காலப் பணி தமிழிசை பற்றியது. தமிழ்நாட்டு இசையரங்குகளில் தெலுங்குப் பாடல்களும் வடமொழிப் பாடல்களும் ஓங்கி, தமிழ்ப் பாடல்கள் கச்சேரியின் இறுதியில் உதிரியாய்ப் பாடப்பெற்ற காலம் அது. 1941 இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943 இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பெற்றது. இசைக்கு மொழி வேலியிடலாகாதென்று வாதிட்ட வித்துவான்களும் அறிஞர்களும் எதிர்த்து நின்றனர். செட்டியார் பின்வாங்கவில்லை. பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்புடன் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. பாடுவதற்குத் தமிழில் உருப்படிகள் இல்லையென்ற குறைக்கு அதுவே விடையாயிற்று.

1948 ஜூன் 15 ஆம் நாள் அவர் மறைந்தார். மூத்த மைந்தர் முத்தையாச் செட்டியார் இணைவேந்தராகி, 1984 இல் தாம் மறையும்வரை அப்பணியை ஆற்றினார். பின்னர் பேரர் எம். ஏ. எம். இராமசாமி அப்பதவியை ஏற்றார். 1985 இல் அங்கே தொடங்கிய மருத்துவக் கல்லூரி முத்தையாச் செட்டியாரின் பெயரைப் பெற்றது. இவ்வாறு மூன்று தலைமுறையினர் ஒரு கல்விக்கூடத்தைத் தம் குடும்பக் கடமையாகவே பேணினர்.

எனினும் வரலாறு புகழை மட்டும் எழுதி நிற்பதில்லை. பல்கலைக்கழகம் பெருகப் பெருகச் செலவும் பெருகிற்று. பணியாளர் தொகை அளவு கடந்தது. நிதி நெருக்கடி முற்றியது. 2013 இல் தமிழ்நாட்டு அரசு புதிய சட்டமியற்றி நிருவாகத்தைத் தன்வசம் கொண்டது. குடும்பத்தின் இணைவேந்தர் உரிமை அத்துடன் முடிந்தது. பேரரும் 2015 இல் மறைந்தார்.

கொடையோடு கொடுத்தவரின் ஆட்சியும் பரம்பரையாய்த் தொடர்தல் தகுமா என்பது கற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டிய வினா. நிறுவியவரின் அன்பு தொடக்க காலத்தில் ஒரு கல்விக்கூடத்துக்கு அரணாகும் என்பது உண்மை. ஆயின் அன்பைப் பத்திரத்தில் எழுதி வழியினர்க்கு வைத்தல் இயலாது; உரிமையையே அவ்வாறு வைக்கலாம். அவ்வுரிமையைக் காலம் கொண்டுபோயிற்று. கொண்டுபோக இயலாதது ஒன்று உண்டு. அங்கே கற்றவர் பிறர்க்குக் கற்பித்தனர். அவரிடம் கற்றவர் இன்னும் பலர்க்குக் கற்பித்து வருகின்றனர். அந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணியாய் நம்முள் பலரும் இருக்கின்றோம். கானாடுகாத்தான் வணிகர் இருபது இலட்சத்துக்கு வாங்கிய அழியாச் சொத்து அதுவேயாகும்.