ஜானகி அம்மாள்

எடவலத்து கக்காட்டு ஜானகி அம்மாள் (நவம்பர் 4, 1897 - பெப்ரவரி 7, 1984) இந்தியத் தாவரவியலாளர் ஆவார். தாவர உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்களை எண்ணி, அவற்றைக் கொண்டு தாவரங்களின் உறவுமுறையையும் தோற்றத்தையும் ஆராய்ந்தவர். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காடுகளைப் பாதுகாக்கக் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர். 1977 இல் இந்திய அரசின் பத்மசிறீ விருதைப் பெற்றார்.

இளமையும் கல்வியும்

இவர் கேரளத்தின் தலச்சேரியில் பிறந்தார். சென்னையில் இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். பார்பர் உதவித்தொகை பெற்று ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும், 1931 இல் முனைவர் பட்டமும் பெற்றார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஆய்வுப் பணிகள்

1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராக இருந்தார். அங்கு கரும்பையும் அதன் உறவுத் தாவரங்களான பிற புல்லினங்களையும் கலந்து கலப்பினங்களை உருவாக்கினார்.

1940 இல் இலண்டனில் ஜான் இன்னசு தோட்டக்கலை நிறுவனத்தில் சேர்ந்தார். சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து இவர் எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் விவரநூல் 1945 இல் வெளிவந்தது. பின்னர் விசுலியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் 1951 வரை மக்னோலியா முதலிய தாவரங்களை ஆராய்ந்தார். மக்னோலியா வகை ஒன்றுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

ஜவகர்லால் நேருவின் அழைப்பை ஏற்று 1951 இல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். குடியேற்றவாதக் காலத்தில் திரட்டப்பட்ட மூல மாதிரிகள் பல ஐரோப்பிய உலர்தாவரகங்களில் இருந்தன. எனவே இந்தியத் தாவரம் ஒன்றை உறுதியாக இனங்காண்பதற்கும் வெளிநாட்டை நாடவேண்டிய நிலை இருந்தது.

அமைதிப் பள்ளத்தாக்கு

1955 இல் பிரின்சுடனில் மனிதரால் புவி அடைந்த மாற்றங்கள் பற்றி நடைபெற்ற கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் இவரே. பாலக்காடு மாவட்டத்தின் குந்திப்புழை ஆற்றில் நீர்மின் அணை கட்டும் திட்டம் 1970களில் எழுந்தபோது, இவர் எண்பது வயதை நெருங்கியிருந்தார். காடு நீரில் மூழ்கினால் அதன் தாவரங்கள் அறியப்படாமலேயே அழிந்துவிடும் என்பதால், திட்டத்தை எதிர்த்ததோடு அவற்றின் குரோமோசோம்களை ஆராயும் பணியிலும் ஈடுபட்டார்.

1983 இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பெப்ரவரியில் சென்னை மதுரவாயலில் உள்ள ஆய்வுக்கூடத்தில் பணியில் இருந்தபோதே இவர் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இனங்காணலும் பாதுகாப்பும்

பூவும் காயும் இல்லாத காலத்தில் நெருங்கிய இனங்களை வெளித்தோற்றத்தால் பிரித்தறிவது கடினம். வேர், பட்டை, பொடி ஆகிய வடிவங்களில் விற்கப்படும் மூலிகைகளை அறிவது அதனினும் கடினம். இக்குறையைப் போக்க 2003 இல் முன்மொழியப்பட்டதே டி. என். ஏ. பட்டைக்குறியீட்டு முறை. தாவரங்களுக்கு பசுங்கணிகத்தில் உள்ள இரு மரபணுப் பகுதிகள் 2009 இல் அடிப்படைக் குறியீடாகப் பரிந்துரைக்கப்பட்டன. எனினும் ஒரு தாவரத்தில் எத்தனை குரோமோசோம் தொகுதிகள் உள்ளன என்பதை இக்குறியீடு காட்டாது. ஆகவே ஜானகி அம்மாள் பின்பற்றிய எண்ணிக்கை முறை இன்றும் தேவைப்படுகிறது.

அகத்தியமலைப் பகுதியில் மட்டும் வளரும் மூலிகை ஒன்றுக்கு 1978 இல் இவர் நினைவாக ஜானகியா என்ற பேரினப் பெயர் இடப்பட்டது. பின்னர் அது டெக்காலெபிசு பேரினத்துடன் இணைக்கப்பட்டது. வேருக்காகத் தோண்டி எடுக்கப்படுவதால் இத்தாவரமும் அழியும் நிலையில் உள்ள இனங்களுள் ஒன்றாகிவிட்டது.