வீணை வித்வான் நடத்திய வாத்ய விருந்தா

ஈமனி சங்கர சாஸ்திரிகளின் வீணையை நம்மில் மூத்தவர்கள் பலர் கேட்டிருப்பீர்கள். அவர் ஆகாசவாணியின் வாத்ய விருந்தாவையும் நடத்தியவர் என்பது இன்றைய குழந்தைகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு.

எழுபதுகளில் நாங்கள் சித்தூரில் இருந்தோம். நான் வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி, திருப்பதியில் ஒரு வாத்தியாரிடம் வயலின் கற்றுக்கொண்டேன். ஒரு உத்ஸவத்தில் பதினைந்து பேர் சேர்ந்து வாசித்தபோது என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக வாசிக்கவா இத்தனை வருஷ சாதகம் என்று அழுகை வந்தது. வயலினையே விட்டுவிடத் தீர்மானித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரேடியோவில் வாத்ய விருந்தா வந்த அன்று என்னை அருகில் உட்கார வைத்துக் கேட்கச் செய்தார். பிறகு சாஸ்திரிகளின் கதையைச் சொன்னார்.

சாஸ்திரிகள் 1922ல் கோதாவரி ஜில்லா திராக்ஷாராமத்தில் பிறந்தவர். தகப்பனார் அச்யுதராம சாஸ்திரிகளே குரு. அவரும் பெரிய வைணிகர். இப்படிப்பட்ட பரம்பரையில் வந்தவர் மெட்ராஸில் ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தார். சாஸ்திரீய சங்கீதக்காரர் சினிமாவுக்குப் போவதைப் பலர் குறைவாக நினைத்த காலம் அது. ஆனால் பல வாத்யங்களை ஒன்றாக இழைக்கும் வித்தை அவருக்கு அங்கேதான் கைவந்தது. 1951ல் வெளிவந்த ‘சம்சாரம்’ படத்துக்கு இசையமைத்தவர் அவரே. பின்னர் ஆகாசவாணியில் சேர்ந்தார்.

வாத்ய விருந்தா டில்லியில் 1952ல் தொடங்கியது. ஆரம்பத்தில் ஹிந்துஸ்தானிப் பிரிவைப் பண்டிட் ரவிசங்கரும், கர்நாடகப் பிரிவை டி.கே. ஜெயராம ஐயரும் நடத்தினார்கள். பிற்காலத்தில் அந்தப் பொறுப்பு சாஸ்திரிகளிடம் வந்தது.

மேல்நாட்டில் ஒவ்வொருவர் முன்னும் ஸ்வரம் எழுதிய தாள் இருக்கும். நம் சங்கீதத்தில் கமகத்தை முழுவதும் தாளில் அடக்க முடியாது. ஒரே பைரவி நிஷாதத்தை வீணைக்காரர் ஒரு விதமாக அசைப்பார், வயலின்காரர் வேறு விதமாக அசைப்பார், புல்லாங்குழல்காரர் தன் பாணியில் ஊதுவார். அவரவர் மனோதர்மத்தை விட்டால் இரைச்சல். அடியோடு அடக்கினால் ராகம் செத்துவிடும். நடத்துபவர் ஒரு கமகத்தை நிச்சயம் செய்து, எல்லோர் விரலிலும் அதை ஏற்றியாக வேண்டும். வீணைத் தந்தியை இழுத்து ஸ்வரத்தைக் குழைப்பதில் தேர்ந்த சாஸ்திரிகளுக்கு அது இயல்பாக வந்தது. டென்சிங்கும் ஹிலாரியும் 1953ல் எவரெஸ்ட் ஏறியதை வைத்து ‘ஆதர்ச சிகராரோஹணம்’ என்ற உருப்படியையும் அவர் அமைத்தார். இத்தனைக்கும் நடுவே தனிக் கச்சேரியை அவர் விடவில்லை. சிட்டிபாபு போன்ற சிஷ்யரையும் உருவாக்கினார். 1987ல் காலமானார்.

கடைசி வரிசைக்காரன் ஒருவன் சுருதி பிசகினாலும் முன்வரிசை வித்வத் வீணாகிவிடும் என்பதை அன்று அப்பா எனக்குப் புரிய வைத்தார். அடுத்த வாரமே மறுபடி திருப்பதி பஸ் ஏறினேன். கச்சேரி வித்வான் ஆகவில்லை. ஆனால் வயலின் இன்றும் வீட்டில் ஒலிக்கிறது.

போன மாதம் அமெரிக்காவிலிருந்து என் பேத்தி போனில் அழுதாள். பள்ளி வாத்யக் குழுவில் அவளைப் பின்வரிசையில் போட்டுவிட்டார்களாம். சாஸ்திரிகளின் கதையைச் சொன்னேன். குழுவில் தொடர்கிறாள்.