கல்லாராய்ந்த கலைஞானி

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணாக்கர் ஒருவர் வீடு தேடி வந்தார். இளமையில் என்னிடம் நன்னூல் கற்றவர்; பின்னர் இரசாயனத்திற் சிறப்புப் பட்டம் பெற்று, ஆய்வுகூடமொன்றில் மூன்றாண்டு ஆராய்ச்சி செய்தவர். அதனை விட்டு, பழைய ஓலைச்சுவடிகளைப் பேணும் தொழிலுக்குப் போக அவர் எண்ணியிருந்தார். கற்ற கல்வி வீணாகிவிடுமே என்று தந்தையார் துயருறுகின்றார் என்றும், அந்த அச்சம் தமக்கும் உண்டு என்றும் சொன்னார். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு ஆய்வுகூடத்தின் நடைமுறை தெரியாது. ஆயினும் அவ்வழியில் முன்னர் நடந்த ஒருவரின் வரலாறு தெரியும். அன்று அவருக்குக் கூறியதையே ஈண்டு எழுதுகின்றேன்.

ஆனந்த குமாரசுவாமி என்றதும் தில்லைக் கூத்தனின் நடனத்துக்குப் பொருள் விரித்த பேரறிஞர் என்றே நாம் நினைக்கின்றோம். அவர் முதலிற் கற்களை ஆராய்ந்தவர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1877 ஆகஸ்ட் 22 ஆந் திகதி அவர் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி. தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. இராமநாதனும் அருணாசலமும் இவருக்கு அத்தை மக்கள். தாயாரோடு இங்கிலாந்து சேர்ந்த குழந்தை 1879 இல் தந்தையாரை இழந்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1900 இல் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். அவ்வாண்டிலேயே இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவரது கட்டுரை இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது.

1903 இல் இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் தலைவராக அவர் நியமிக்கப்பட்டார். பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிறையர் என்பாரோடு சேர்ந்து செரண்டிபைற்று என்னும் புதிய கனிப்பொருளை அவ்வாண்டில் உலகுக்கு அறிவித்தார். மறு ஆண்டிற் பலாங்கொடைப் பக்கத்திற் கிடைத்த கரிய, பாரமான கனிப்பொருளொன்றை யுரேனினைற்று என்று கருதினார். இலண்டனிற் செய்த பகுப்போ அதிற் தோரியமே மிகுதி என்று காட்டியது; தோரியனைற்று என்ற பெயர் அதற்கு உண்டாயிற்று. நம் கருத்தைப் பொருளின் முன் வைத்துச் சோதித்தல் வேண்டும் என்பதே ஆய்வுகூடம் தரும் முதற்பாடம் என எண்ணுகின்றேன். அப்பாடம் பின்னர் எங்குச் சென்றாலும் உடன் வருவது.

கற்களைத் தேடிய கால்கள் அவரைக் கண்டி நாட்டுக் கிராமங்களுக்கு இட்டுச் சென்றன. அங்கே பொற்கொல்லரும் நெசவாளரும் குயவரும் அரக்கு வேலை செய்வோரும் தந்தை வழியிற் பெற்ற தொழிலைக் கைவிட்டுவருவதைக் கண்டார். இயந்திரப் பண்டமும் மேனாட்டு மோகமும் அவர்களின் பிழைப்பைப் பறித்தன. பாறை பல்லாயிரம் ஆண்டு காத்திருக்கும். முதிய கைவினைஞர் இறந்தால் அவர் அறிந்தது அவரோடு மாயும். 1906 இற் பதவியை விட்டார். அதுவரை ஆண்டுதோறும் எழுதவேண்டிய ஆய்வறிக்கைகளை அவர் எழுதாது விடவில்லை.

1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியில் 425 பிரதிகளே அச்சாயின. நிழற்படங்கள் பலவற்றை மனைவியார் எதெல் எடுத்துதவினார். அந்நூல் அழகைப் புகழ்வதோடு நின்றுவிடவில்லை. என்ன கருவி, என்ன மூலப்பொருள், எந்த முறை என்று ஒவ்வொரு தொழிலையும் வகுத்துக் கூறுகின்றது. கற்களை இனம் பிரித்த கண்ணே கலைப்பொருளையும் கண்டது.

வழி எளிதாய் இருந்தது என்று மாணாக்கருக்கு நான் பொய் சொல்லவில்லை. குமாரசுவாமிக்குக் குடும்பச் செல்வம் இருந்தது. நம்மவரிற் பலருக்கு அது இல்லை. அவர் அரிதிற் சேர்த்த இராசபுத்திர ஓவியங்களுக்கு இந்தியாவில் ஒரு நூதனசாலை அமையவேண்டும் என்று விரும்பினார், அது கைகூடவில்லை. அத்தொகுதி அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நுண்கலை நூதனசாலைக்குப் போயிற்று. 1917 இல் அவரும் அங்கே இந்தியக் கலைப்பகுதிக் காப்பாளராய்ச் சென்றார். 1912 இற் சித்தாந்த தீபிகையில் எழுதிய சிவநடனக் கட்டுரை 1918 இல் நியூயோர்க்கில் நூலாய் வெளிவந்த தொகுதிக்குப் பெயர் தந்தது. இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு 1927 இல் வெளிவந்தது. பேராசிரியர் பதவியின்றியே முப்பதாண்டு நூதனசாலையிற் பணியாற்றினார். எழுபது வயதில் இந்தியா திரும்ப விரும்பியிருந்தவர், 1947 செப்ரெம்பர் 9 ஆந் திகதி அமெரிக்க மண்ணிலேயே காலமானார்.

இவ்வளவும் சொல்லி, மூன்று காரியங்களை மாணாக்கருக்குக் கூறினேன். தொடங்கிய ஆராய்ச்சியை முடித்துவிட்டே வெளியேறுக. புதிய தொழிலின் வேதனத்தைத் தந்தையாருக்கு ஒளியாது சொல்லுக. ஏட்டை அரிக்கும் பூச்சியையும் மையையும் அறிய இரசாயனம் வேண்டும், ஆகவே கற்றது வீணாகும் என்று அஞ்சற்க.

சென்ற வாரம் அவர் மீண்டும் வந்தார். பாதியில் நின்ற ஆய்வுக் கட்டுரை முடிந்துவிட்டது. விண்ணப்பக் கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதில் இரண்டு சந்திப்பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்திக் கொடுத்தனுப்பினேன்.