காகிதத்தில் ஹிட்லருக்கு விட்ட குத்து... நிஜப் போர்க்களத்திலும் நின்ற ஓவியர்! யார் இந்த ஜாக் கிர்பி?

கேப்டன் அமெரிக்கா படங்களைக் கைதட்டி ரசித்த பலருக்கும் ஜாக் கிர்பி என்ற பெயர் தெரியாது. ஜோ சைமனோடு சேர்ந்து அந்த ஹீரோவை உருவாக்கிய ஓவியர் அவர்தான். நம்ம வீரனுக்குச் சரிக்குச் சரியா எதிரி முகாமிலும் ஒருத்தன், நம்ம படைக்கு ஈடா அங்கேயும் ஒரு படை என்று அமெரிக்கப் போர் காமிக்ஸ் போட்ட கணக்கில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா மற்ற பல ஓவியர்களைப் போல இவர் போரைக் கற்பனையில் மட்டும் பார்த்தவர் இல்லை.

தெருச்சண்டையில் பழகிய கை

1917 ஆகஸ்ட் 28-ல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் பிறந்தார். இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். ஆஸ்திரியாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்பாவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை. நெருக்கடியான குடியிருப்புகள், தெருவுக்குத் தெரு பையன்களின் கோஷ்டிச் சண்டை. பின்னாளில் அவர் வரைந்த சண்டைக் காட்சிகளில் ஆட்கள் கட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே பாய்வது போலத் தெரியும். அந்த வேகம் தெருவில் கற்றது. முறையான ஓவியப் படிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. பாப்பாய் கார்ட்டூன் எடுத்த ஃப்ளைஷர் ஸ்டுடியோவில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, காமிக்ஸ் பக்கம் வந்துவிட்டார்.

1940 டிசம்பரில் கேப்டன் அமெரிக்கா முதல் இதழ் கடைக்கு வந்தது. அட்டையில் ஹீரோ ஹிட்லரின் தாடையில் குத்துவிடுகிறார். அமெரிக்கா போரில் இறங்க அப்போது இன்னும் ஒரு வருடம் இருந்தது! நாட்டிலேயே நாஜி ஆதரவாளர்கள் இருந்த காலம் அது. அலுவலகத்துக்கு மிரட்டல்கள் வந்ததாகவும், போலீஸ் பாதுகாப்பு போடப்பட்டதாகவும் சைமன் பின்னர் எழுதியிருக்கிறார். வரைந்த இருவருமே யூதர்கள் என்பதால் அந்தக் குத்து வெறும் வியாபார உத்தி மட்டும் அல்ல. ரெட் ஸ்கல் என்ற நாஜி வில்லனும் அந்த இதழிலேயே வந்துவிட்டான்.

வரையத் தெரிந்ததால் வந்த ஆபத்து

1942-ல் ரோஸ் கோல்ட்ஸ்டீனை மணந்தார். மறு வருடமே ராணுவம் அழைத்துக்கொண்டது. 1944 ஆகஸ்டில், நார்மண்டி தரையிறக்கம் முடிந்து இரண்டரை மாதம் கழித்து, ஒமாஹா கடற்கரையில் இறங்கினார்.

பிரபல காமிக்ஸ் ஓவியர் என்று தெரிந்தால் பத்திரமான மேசை வேலை கிடைக்கும்னுதானே நினைப்போம்? நடந்தது நேர் எதிர். வரையத் தெரியுமா, அப்போ முன்னால் போ என்று ஒரு லெப்டினன்ட் அவரை உளவுக்கு அனுப்பிவிட்டார். படைக்கு முன்னே தனியாகப் போய், எதிரி இருக்கும் இடங்களைப் படமாக வரைந்து கொண்டுவர வேண்டும். காலாட்படையிலேயே உயிருக்கு அதிக ஆபத்தான வேலைகளில் ஒன்று இது.

குண்டு அவரை ஒன்றும் செய்யவில்லை. குளிர்தான் வீழ்த்தியது. அந்தக் குளிர்காலத்தில் பனியில் கால்கள் உறைந்துபோய், லண்டன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கால்களை வெட்டி எடுப்பது பற்றிக்கூட மருத்துவர்கள் யோசித்தார்கள். எப்படியோ தப்பித்து, 1945 ஜூலையில் ராணுவத்திலிருந்து விடுபட்டார்.

ஆளுக்கு ஆள் ஜோடி

1963-ல் மார்வெலுக்காக ஸ்டான் லீயுடன் சேர்ந்து சார்ஜன்ட் ஃப்யூரி இதழைத் தொடங்கினார். ஹௌலிங் கமாண்டோஸ் என்ற அந்தக் குழுவில் யூதர், இத்தாலிய வம்சாவளி, கறுப்பினத்தவர் எல்லாரும் தோளோடு தோள் நின்றார்கள். நிஜ அமெரிக்க ராணுவத்தில் அப்படி இல்லை. கறுப்பின வீரர்களைத் தனிப் பிரிவுகளில் வைத்திருந்த முறைக்கு எதிரான உத்தரவே 1948-ல்தான் வந்தது. கதை வரலாற்றைத் திருத்திக்கொண்டது என்றே சொல்லலாம். தப்பில்லாத திருத்தம்.

ஐந்தாவது இதழில் பேரன் ஸ்ட்ரக்கர் வந்தான். ஃப்யூரியை ஒற்றைக்கு ஒற்றை மோதக் கூப்பிட்டு, பானத்தில் மருந்து கலந்து கொடுத்து, தோல்வியைப் படம்பிடித்துப் பிரசாரம் செய்கிற ரகம். 14-வது இதழில், கமாண்டோஸுக்கு ஆளுக்கு ஆள் ஜோடி வைத்த மாதிரி ஒரு பிளிட்ஸ்கிரீக் படையோடு திரும்பி வந்தான். அதற்குள் உள்பக்கங்களை டிக் ஏயர்ஸ் வரையத் தொடங்கியிருந்தார்.

இந்த ஜோடிக் கணக்கு வாசகனுக்கு ஜாலி. பலசாலிக்குப் பலசாலி, தந்திரக்காரனுக்குத் தந்திரக்காரன். யார் யாரோடு மோதுவார்கள் என்று காத்திருக்கலாம். கால் உறைந்து கிடந்தவருக்குப் போர் அப்படி இல்லை என்பது தெரியும். 1974-75-ல் டிசி நிறுவனத்துக்காக லூசர்ஸ் தொடரில் 12 இதழ்கள் செய்தபோது, தன் சொந்த அனுபவங்களை அதில் இறக்கினார். ஃப்யூரியின் குறும்பு அங்கே கம்மி. படித்துப் பார்த்தால் இவரா அவர் என்று தோன்றும்.

கடைசிக் காலச் சண்டை வேறு ஒரு களத்தில் நடந்தது. மார்வெலுக்காக அவர் வரைந்த மூலப் பக்கங்கள் பல ஆயிரம். பல வருட இழுபறிக்குப் பிறகு 1987-ல் சுமார் 2,000 பக்கங்கள் மட்டுமே கைக்கு வந்தன. 1994 பிப்ரவரி 6-ல் கலிஃபோர்னியாவில், 76 வயதில் இறந்தார். பதிப்புரிமை கேட்டுக் குடும்பம் நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014-ல் சமரசத்தில் முடிந்தது. அதன்பிறகுதான் மார்வெல் இதழ்களில், உருவாக்கியவர் என்ற இடத்தில் ஸ்டான் லீ பெயரோடு கிர்பி பெயரும் வழக்கமாக அச்சாகத் தொடங்கியது.