கலாநிதி கோவூரும் கண்கண்ட சாட்சியும்

பொன்விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை வரைந்து தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். சமயச் சான்றோர் ஒருவரையே யாம் தேர்வோம் என அன்னார் எதிர்பார்த்திருக்கக் கூடும். யாமோ கடவுளையே ஏற்றுக்கொள்ளாத ஓர் ஆசிரியரைத் தேர்ந்துகொண்டோம். அதற்குக் காரணம் இரத்தினபுரிப் பகுதித் தோட்டமொன்றில் நிகழ்ந்த ஒரு காரியம்.

அங்கே ஓரிரவு மலைக்கு மேலே ஒளிப்புள்ளிகள் வரிசையாக ஊர்ந்து செல்வதை லயத்தவர் கண்டனர். எம் மாணவன் ஒருவன் அதனைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்தான். கொள்ளிவாய்ப் பேய் என்றனர் முதியோர். வேற்றுக்கிரகத்தாரின் கலம் என்றனர் இளையோர். விடியுமுன் இறப்பர்ப் பால் வெட்டச் செல்லும் பெண்கள் அஞ்சி வீட்டில் நின்றுவிட, நாட்சம்பளம் போயிற்று. மூன்றாம் நாள், காவல் கட்டித் தருவதாகச் சொல்லி ஒருவன் வீடுதோறும் பணம் தண்டினான். ஒளி மிக அருகே இறங்கியதைக் காட்டும் படமொன்றும் அவன் கையில் இருந்தது. மாணவன் எம்மிடம் ஓடி வந்தான். எமக்கு உடனே நினைவுக்கு வந்தவர் கலாநிதி ஆபிரகாம் தோமஸ் கோவூர்.

அன்னார் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த திருவல்லாவிற் பிறந்தார். தந்தையார் மார்த்தோமா சிரியன் திருச்சபையின் குருவானவர். கல்கத்தாவிற் பயின்ற காலத்து, விடுமுறையில் ஊர் திரும்பும்போது கங்கைநீர் கொண்டுவருமாறு அயலார் வேண்டினராம். அதனை மறந்துவிட்ட இளைஞர், வழியில் ஓர் இரயில் நிலையக் குழாய்நீரைப் பிடித்துச் சென்று கொடுத்தார். அந்நீரால் நோய் தீர்ந்தது எனச் சிலர் மனமார உரைத்தனர். இது அவர் தாமே பிற்காலத்திற் சொல்லிவந்த கதை. பொய்யைக் கொடுத்தவர் அவர். ஆனால் குணம் கண்டோம் என்றவர்கள் பொய்யர் அல்லர். இந்த வேறுபாட்டை அவர் கற்ற முதற் பாடம் அதுவே என யாம் கருதுகிறோம்.

1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தார். பின்னர் வேறு கல்லூரிகளிலும் கற்பித்து, கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து 1959இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைமையை ஏற்று இறுதிவரை வகித்தார். ஓய்வு என்பது பெயரளவில்தான். பேய் உலாவும் வீடு, கல் விழும் கூரை என எங்கிருந்து அழைப்பு வந்தாலும் போனார். கல் விழுந்தது என்று சொன்னவர்களை அவர் நகைக்கவில்லை. கல் மெய்யாகவே விழுந்திருந்தது. அதனை எறிந்த கை எவருடையது என்றே தேடினார். பெரும்பாலும் அஃது அவ்வீட்டிலேயே இருந்த, மனம் நொந்த ஒருவரின் கையாக இருந்தது. அத்தகையோரை ஊரறியக் காட்டிக்கொடாது, அறிதுயில் முறையாற் குணப்படுத்த முயன்றார். அவர் எழுதிய இத்தகைய வரலாறொன்றைக் கொண்டே 1972இல் மலையாளத்திற் புனர்ஜன்மம் என்னும் படமும், 1973இல் தமிழில் மறுபிறவி என்னும் படமும் வெளிவந்தன.

1963இல் அவர் விடுத்த அறைகூவலைப் பலரும் அறிவர். அற்புத ஆற்றலை மெய்ப்பிப்பவர்க்கு ஒரு லட்சம் ரூபா பரிசு என்றார். பிறர் ஏமாற்றுதற்கும் தாம் ஏமாறுதற்கும் இடமில்லாத நிலையில் அது நிகழவேண்டும் என்பது விதி. இவ்விரண்டையும் சேர்த்து வைத்ததே அவரது நுண்மை. வஞ்சகனைத் தடுத்தால் மட்டும் போதாது. பார்ப்பவரின் கண்ணும் காவலுக்கு உட்படவேண்டும். உறையிலிட்டு மூடிய பண நோட்டின் இலக்கத்தைப் படித்தல், ஆவியொன்றைப் புகைப்படத்துக்கு நிறுத்துதல், தம்மைப் படம் எடுத்த நெகட்டிவிலிருந்து மறைந்துபோதல் முதலியன அவர் கேட்ட செயல்களுட் சில. விளம்பரத்துக்காக வருவோரைத் தவிர்க்க 1000 ரூபா வைப்புப் பணமும் கேட்டார்.

தோட்டத்து மாரியம்மன் விழாவிலே தீமிதிக்கும் அன்பர்கள் ஒரு நிபந்தனையை நன்கு கவனிப்பார்கள். தணல்மேல் நடக்கச் சொல்லவில்லை; கொப்புளமின்றி அரை நிமிடம் அசையாது நிற்கச் சொன்னார். நடப்பவர் பாதம் ஒவ்வோரடியிலும் ஒரு நொடிக்கும் குறைவாகவே தணலைத் தொடுகிறது. இதனைப் பேராசிரியர் கார்லோ பொன்சேகா பின்னர் ஆராய்ந்து, 1971இல் இலங்கை மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார். நடத்தலை நிற்றலாக மாற்றியதிலேயே சோதனை முழுதும் அடங்கிவிட்டது. எனினும் பக்தியையும் பித்தலாட்டத்தையும் ஒரே மூட்டையிற் கட்டி எறிந்த அன்னாரின் கடுமை எமக்கு உடன்பாடன்று. யாம் இன்றும் வெள்ளிதோறும் கோயிலுக்குச் செல்பவரே.

கற்றவர் கண் தவறாது என எண்ணுதலும் பிழை. 1956 முதல் இலங்கையில் வதிந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1964 மே 17ஆம் நாள் இரவு நியூயோர்க்கில், திரைப்பட நெறியாளர் ஸ்டான்லி குப்ரிக்குடன் நின்று வானில் ஒரு பேரொளியைக் கண்டார். விண்வெளியைப் பற்றியே எழுதி வாழ்ந்தவர் அவர். அவரும் திகைத்தார். விசாரித்தபோது அஃது எக்கோ என்னும் செயற்கைக்கோள் எனத் தெரிந்தது.

எம் மாணவனிடம் யாம் கேட்டவை மூன்று: எங்கே நின்றாய், எத்திசை, எத்தனை மணி? அதே நேரத்திற் கேகாலையிலிருந்த அவன் உறவினனும் அதே வரிசையைக் கண்டிருந்தான். இரண்டு ஊரிலும் ஒருங்கே தெரிவது மலைக்கு மேல் அன்று, அதனினும் மிக உயரத்திற் போவதாகவே இருத்தல் வேண்டும். ஏவப்பட்டுச் சில நாள்வரை வரிசையாகத் தோன்றும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களே அவை. பையன் கண்டதும் மெய், எடுத்த படமும் மெய். இட்ட பெயர்தான் பிழை.

காவல் கட்ட வந்தவனின் படமோ வேறு வகை. எடுத்த இடமும் நேரமும் அவன் சொல்லவில்லை. படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். மலைக்கப்பால் இருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட ஒளி, ஓரிடத்தில் இறப்பர் மரக்கிளைக்கு முன்னால் வந்து போயிற்று! கம்பிற் கட்டிய டோர்ச் விளக்கு எனப் பின்னர் அவனே ஒப்புக்கொண்டான். தண்டிய பணத்திற் பாதிதான் திரும்பியது. பெண்கள் மறுநாள் விடியற்காலை பால்வெட்டுக்குப் போயினர்.

கலாநிதி கோவூர் 1978 செப்டெம்பர் 18ஆம் நாள் காலமானார். அதுவரை அப்பரிசை எவரும் பெற்றிலர். கண்களைக் கண் வங்கிக்கும் உடலை மருத்துவக் கல்விக்கும் அளித்தார். எலும்புக்கூடு தாம் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞான கூடத்துக்குச் சேரவேண்டும் என எழுதிவைத்தார். அவ்வாறே செய்யப்பட்டது.